ஜிடிகேவேவ்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

தினமும் திறக்கிற ஜிடிகேவேவ் மென்பொருளைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது பார்க்கவே ரொம்பப் பழசா இருக்கே, வேற நல்லது எதுவும் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கறுப்புப் பின்னணி, பச்சைக் கோடுகள், பொடி எழுத்து, இருபது வருடத்துக்கு முந்தைய பொத்தான்கள். அவருக்கு ஐந்து நிமிடத்தில் ஏதோ பதில் சொன்னேன், ஆனால் சொல்ல வேண்டியது நிறைய மிச்சம் இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மதிப்புரை அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. நான் சிப் வடிவமைக்கிறவன் இல்லை. சிப்பைச் சோதிக்கும்போது வருகிற அலைவடிவங்களை, அதாவது ஒவ்வொரு கம்பியின் மதிப்பும் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்கிற பதிவுகளை, ஒப்பிடுகிற மென்பொருளை எழுதுகிறவன். ஒரு பக்கம் சிமுலேஷன் (சிப்பைக் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பது) தருகிற அலைவடிவம் இருக்கும், அதாவது இந்தச் சிப் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது. இன்னொரு பக்கம் கையில் இருக்கிற உண்மையான சிப்பின் கால்களிலிருந்து எடுத்த அலைவடிவம். இரண்டும் எங்கே முதலில் பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். கேட்க எளிதாக இருக்கும், உள்ளே இறங்கினால் ஒவ்வொரு நானோ நொடிக்கும் ஒரு சந்தேகம் வரும்.

ஜிடிகேவேவ் என்பது டோனி பைபெல் என்பவர் எழுதி, பல வருடங்களாக அவரே பராமரித்து வந்த இலவச அலைவடிவக் காட்டி. ஓப்பன் சோர்ஸ், ஜிபிஎல் உரிமம் (இதன் நிரலைச் சேர்த்து மென்பொருள் வெளியிடுகிறவர் தன் நிரலையும் திறந்து வைக்க வேண்டும் என்கிற வகை). ஐகாரஸ் வெரிலாக், வெரிலேட்டர், ஜிஎச்டிஎல் என்று எந்த இலவச சிமுலேட்டரைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாலும் இரண்டாவது பாடத்தில் இது வந்துவிடும். லினக்ஸில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். இடது பக்கம் மேலே சிப்பின் படிநிலை மரம், கீழே அந்தப் பகுதியின் சிக்னல்கள், வலது பக்கம் அலைகள். சிக்னலைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் கோடு வந்துவிடும். இவ்வளவுதான் பெரும்பாலானவர்கள் இதில் செய்வது, அந்த அளவுக்கு மட்டும் வேண்டுமென்றால் தம்பி சொன்னது சரி, இதைவிட அழகான கருவிகள் இப்போது வந்துவிட்டன. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் திரை இல்லை, திரைக்குப் பின்னால் இருக்கிற கோப்பு வடிவங்கள். சிமுலேட்டர்கள் எல்லாம் பொதுவாகப் பேசுகிற மொழி விசிடி. சிப்பை விவரித்து எழுதுகிற வெரிலாக் மொழிக்கு 1995இல் வந்த தரநிலையிலேயே அது வரையறுக்கப்பட்டுவிட்டது. வெறும் உரைக் கோப்பு, நோட்பேடில் கூடத் திறந்து படிக்கலாம். மேலே கால அளவு என்ன என்று ஒரு வரி, பிறகு ஒவ்வொரு சிக்னலின் பெயரும் அதற்கு ஒரு சுருக்கக் குறியும். ஆச்சரியக்குறியில் தொடங்கி டில்டே வரைக்கும் உள்ள 94 எழுத்துகளையும் வைத்து அந்தக் குறிகளை உருவாக்குவார்கள். கீழே வர வர, ஹேஷ் போட்டு நேரம், அதற்கடியில் அந்த நேரத்தில் மாறிய சிக்னல்களின் புது மதிப்பு மட்டும். மாறாதவை பொதுவாக எழுதப்படுவதில்லை. ஒரு மதியத்தில் இதைப் படிக்கிற நிரல் எழுதிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, எழுதவும் செய்தேன்.

அந்த நிரல் இரண்டு நாளை விழுங்கியது. ஒரே கம்பி சிப்பின் உள்ளே நான்கு மாட்யூல்கள் வழியாகப் போகும், நான்கு இடத்திலும் நான்கு பெயர் இருக்கும், ஆனால் விசிடியில் நான்குக்கும் ஒரே சுருக்கக் குறிதான் இருக்கலாம். நான் குறியைச் சாவியாக வைத்துப் பெயரைச் சேமித்திருந்தேன், கடைசியாக வந்த பெயர் முந்தைய மூன்றையும் அழித்துவிட்டது. ஒப்பீட்டில் சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை என்று வருகிறது, ஜிடிகேவேவில் திறந்தால் அதே சிக்னல் ஜம்மென்று தெரிகிறது. அது சரியாகக் காட்டியதால்தான் தவறு கோப்பில் இல்லை, என் நிரலில் இருக்கிறது என்று புரிந்தது. அடுத்தது மதிப்பு நீட்டிப்பு. எட்டு பிட் சிக்னலுக்கு வெறும் ஒன்று என்று எழுதியிருந்தால் இடது பக்கம் ஏழு பூஜ்யம் போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் வெறும் எக்ஸ் (மதிப்பு தெரியாது என்பதன் குறி) என்று எழுதியிருந்தால் எட்டு பிட்டும் எக்ஸ். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டு நீட்டினால் என்ன ஆகும் தெரியுமா? தெரியாத மதிப்பு ஒன்று தெரிந்த மதிப்பாக மாறிவிடும், சோதனையும் பாஸ் ஆகிவிடும். ஃபெயில் ஆக வேண்டியது பாஸ் ஆவதைவிட இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து கிடையாது.

விசிடியின் இன்னொரு சிக்கல் அளவு. கொஞ்சம் பெரிய சிப்பை ஒரு மில்லி நொடி ஓட்டினாலே கோப்பு ஜிபி கணக்கில் போகும். இதற்காகத்தான் பைபெல் எஃப்எஸ்டி என்ற வடிவத்தை உருவாக்கினார். காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சுருக்கி வைக்கிறது. பெயர்களும் படிநிலையும் தனியாக இருக்கும். அதனால் திறந்தவுடன் முழுக்கோப்பையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டியதில்லை, கேட்ட சிக்னலை மட்டும் எடுத்துத் தரும். எங்கள் கோப்புகளில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது, சில சமயம் அதைவிடவும் ரொம்பக் குறைவாக. வெரிலேட்டரும் ஐகாரஸும் நேரடியாகவே இந்த வடிவத்தில் எழுதும். ஏற்கெனவே விசிடியாக இருப்பதை மாற்றவும், திரும்ப விசிடியாக்கவும் சின்னச் சின்னக் கட்டளைக் கருவிகள் கூடவே வருகின்றன.

எனக்கு முக்கியமானது இதுதான். எஃப்எஸ்டியைப் படிக்கிற, எழுதுகிற சி நிரல் மட்டும் தனியாக, எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. ஜிடிகேவேவ் ஜிபிஎல் என்றாலும், அந்தப் பகுதியை உங்கள் சொந்த மென்பொருளில், விற்கிற மென்பொருளில்கூட, சேர்த்துக்கொள்ளலாம். என் ஒப்பீட்டு நிரலின் அடித்தளம் அந்தச் சில கோப்புகள்தான். பெரிய வணிகக் கருவிகளில் இந்த வசதி இப்படித் தாராளமாகக் கிடைக்காது. எஃப்எஸ்டிபி என்று ஒரு வடிவம் தொழிலில் பரவலாக இருக்கிறது (பெயர் ஒன்றுபோலக் கேட்கும், இரண்டும் வேறு), அதைப் படிக்க அந்தக் கருவியோடு வருகிற நூலகம் வேண்டும், கருவிக்கு உரிமம் வேண்டும். உரிமம் வாங்க வசதி இருக்கிற இடத்தில் அது நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி ஓடுகிற நூறு ஒப்பீடுகளுக்கும் ஒரு உரிமத்துக்காக வரிசையில் நிற்க முடியாது.

கண்ணால் அலைவடிவம் பார்ப்பது தவறைப் புரிந்துகொள்ள, தவறைத் தேட இல்லை. இதைப் புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பத்து லட்சம் க்ளாக் சுற்றுகளில் ஒரே ஒரு சுற்றில் ஒரு பிட் தவறியிருந்தால் அதைக் கண் கண்டுபிடிக்காது, நிரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த இடத்துக்கு உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிற வேலைதான் காட்டியுடையது. இந்த வேலையில் ஜிடிகேவேவுக்கு ஈடாக நான் இன்னும் எதையும் பார்க்கவில்லை, ஏனென்றால் அதன் சேமிப்புக் கோப்பும் வெறும் உரைதான். எந்தச் சிக்னல்கள், எந்த வரிசையில், ஹெக்ஸா பைனரியா, எவ்வளவு பெரிதாக்கி, நேரத்தைக் காட்டும் குறி எங்கே, எல்லாம் வரி வரியாக எழுதியிருக்கும். நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒரு வரியில் பெரிதாக்கும் அளவு, அடுத்து முதன்மைக் குறியின் நேரம், அடுத்து ஏ முதல் இசட் வரை பெயரிட்ட குறிகளின் நேரம், வைக்காத குறிக்கு மைனஸ் ஒன்று. என் நிரல் ஒப்பீட்டை முடித்ததும் இந்தக் கோப்பைத் தானே எழுதிவிடுகிறது. முதல் தவறு எந்த நேரமோ அங்கே முதன்மைக் குறி, சம்பந்தப்பட்ட ஏழெட்டு சிக்னல்கள் மட்டும். காலையில் வந்து இரண்டு முறை தட்டினால் தவறு நடந்த இடமே கண்முன்னால் நிற்கும். இதை எழுத எனக்கு எண்பது வரி பைத்தான் போதுமாக இருந்தது.

அப்புறம் மொழிபெயர்ப்பு வடிகட்டி. ஒரு ஸ்டேட் மெஷினின் (ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறி மாறி வேலை செய்கிற சுற்று) மதிப்பு 3 என்று காட்டினால் யாருக்கு என்ன புரியும்? ஒரு உரைக் கோப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர் எழுதிக் கொடுத்தால் அலைவடிவத்திலேயே காத்திரு, படி, எழுது என்று பெயராகக் காட்டும். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது, கோப்புக்குப் பதில் ஒரு நிரலையே கொடுக்கலாம். ஜிடிகேவேவ் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு வரியாக அந்த நிரலுக்கு அனுப்பும், நிரல் திருப்பித் தருவதைத் திரையில் எழுதும். திருப்பித் தரும்போது முன்னால் இரண்டு கேள்விக்குறிக்கு நடுவில் ஒரு நிறத்தின் பெயரை வைத்தால் அந்தக் கட்டம் அந்த நிறத்தில் வரும். எதிர்பார்த்த மதிப்பும் வந்த மதிப்பும் வேறாக இருக்கிற இடத்தை மட்டும் சிவப்பாக்க இதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு எச்சரிக்கை: பைத்தானில் எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஃப்ளஷ் செய்ய வேண்டும், அதாவது எழுதியதை உடனே வெளியே தள்ள வேண்டும். செய்யாவிட்டால் உங்கள் பதில் இடையகத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஜிடிகேவேவ் அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும், திரை உறைந்துவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டியிருப்பார்கள்.

எக்ஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. சிமுலேஷனில் ஒரு கம்பிக்கு நான்கு நிலை: 0, 1, எக்ஸ், இசட். எக்ஸ் என்றால் தெரியாது, இசட் என்றால் யாரும் இயக்கவில்லை. உண்மையான சிப்பில் எக்ஸ் கிடையாது, மின்சாரம் போட்டவுடன் ஒவ்வொரு ஃப்ளிப் ஃப்ளாப்பும் (ஒரு பிட்டை நினைவில் வைக்கிற சுற்று) 0, 1 என்று ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடும், எந்தப் பக்கம் என்பது சிப்புக்குச் சிப் மாறலாம். அதனால் சிமுலேஷனில் எக்ஸ் இருக்கிற இடத்தில் சிப்பிலிருந்து எது வந்தாலும் ஒப்பிடக் கூடாது, மறைத்துவிட வேண்டும். சோதனை இயந்திரங்களுக்கான பேட்டர்னிலும் (எதைக் கொடுக்க வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்கிற பட்டியல்) இதே ஏற்பாடுதான், 1999இல் ஐஇஇஇ 1450 என்ற எண்ணில் வந்த ஸ்டில் தரநிலையில் குறைவை எதிர்பார், உயர்வை எதிர்பார், கவலைப்படாதே என்று எல், எச், எக்ஸ் எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் மறைப்பதிலும் கவனம் வேண்டும். ரீசெட் முடிந்து வெகுநேரம் கழித்தும் எக்ஸ் இருந்தால் அது மறைக்க வேண்டியதல்ல, வடிவமைப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது. ஜிடிகேவேவ் எக்ஸைத் தனி நிறத்தில் நிரப்பிக் காட்டுவதால் தூரத்திலிருந்தே தெரியும். வெரிலேட்டர் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது அடிப்படையில் இரண்டு நிலைகளில் ஓடுவது, வேகத்துக்காக. அங்கே எக்ஸ் தெரியவில்லை என்றால் எக்ஸ் இல்லை என்று அர்த்தம் இல்லை. சின்னச் சோதனைகளையாவது ஐகாரஸில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பழகிப் பார்க்க உண்மையான சிப்பின் நிரல் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது சென்னை ஐஐடியின் சக்தி புராசஸர். மூல நிரல் பொதுவெளியில் இருக்கிறது. 2018இல் சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள எஸ்சிஎல் என்ற அரசுக் குறைக்கடத்திக் கூடத்தில் 180 நானோமீட்டரில் செய்யப்பட்ட ரிமோ சிப் இந்தக் குடும்பம்தான். சக்தி ப்ளூஸ்பெக் என்ற வன்பொருள் மொழியில் எழுதப்பட்டது, அதிலிருந்து வருகிற வெரிலாக்கில் சிக்னல் பெயர்கள் முதலில் தலைசுற்ற வைக்கும், எல்லாம் நீளநீளமாக இருக்கும். ஒரு வழி சொல்கிறேன். ப்ளூஸ்பெக்கின் ஒவ்வொரு விதிக்கும் கேன் ஃபயர், வில் ஃபயர் என்று தொடங்கும் இரண்டு சிக்னல்கள் இருக்கும். முதலாவது இந்தச் சுற்றில் இந்த விதி ஓடலாம் என்பது, இரண்டாவது ஓடுகிறது என்பது. மரத்துக்குக் கீழே உள்ள தேடல் பெட்டியில் வில் ஃபயர் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தட்டி, வந்ததை மொத்தமாகச் சேர்த்துவிடுங்கள், புராசஸர் ஒவ்வொரு சுற்றிலும் என்ன செய்கிறது என்று வரிசையாகத் தெரிந்துவிடும். கேன் இருந்து வில் இல்லாத இடங்களைப் பார்த்தால் எந்த விதி எதைத் தடுக்கிறது என்றும் பிடிபடும். கல்லூரி மாணவர்கள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவு இருக்கிறது அதில்.

சிப்பிலிருந்து எடுக்கிற பக்கத்துக்கு வருகிறேன். பெரிய சோதனை இயந்திரம் எல்லோரிடமும் இருக்காது. முதல்கட்ட வேலைக்கு நான் மேசையில் வைத்திருப்பது எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் (கம்பிகளில் வருகிற 0, 1 மதிப்புகளைப் பதிவு செய்கிற கருவி), சிக்ராக் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளோடு. அது விசிடியாகவே சேமித்துத் தரும், அதை எஃப்எஸ்டியாக்கி ஜிடிகேவேவில் சிமுலேஷனுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் நேரத்தை வைத்து நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். 24 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 42 நானோ நொடிக்கு ஒரு மாதிரி. சிமுலேஷனில் விளிம்பு பிகோ நொடித் துல்லியத்தில் இருக்கும், எடுத்ததில் 42 நானோ நொடி முன்பின் ஆடும். சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற எஸ்பிஐ இணைப்பின் க்ளாக் ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் சுற்றுக்கு 24 மாதிரி கிடைக்கும், தாராளம். எட்டு மெகாஹெர்ட்ஸ் என்றால் மூன்றே மாதிரி, அதை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எங்கள் நிரல் நேரத்தை விட்டுவிட்டு க்ளாக் விளிம்புகளை எண்ணுகிறது: இந்தப் பக்கத்து நூறாவது ஏறுவிளிம்பில் டேட்டா என்ன, அந்தப் பக்கத்து நூறாவது ஏறுவிளிம்பில் என்ன. நேரத்தை நேரத்தோடு ஒப்பிட்ட பழைய பதிப்பு எல்லாச் சிப்பையும் ஃபெயில் என்றது, விளிம்பை விளிம்போடு ஒப்பிட்ட பிறகுதான் உண்மையான தவறுகள் மட்டும் மிஞ்சின. அதற்கு முன்னால் ஒரு கோப்பின் கால அளவு ஒரு நானோ நொடி, இன்னொன்றுடையது ஒரு பிகோ நொடி என்றால் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். ஹேஷுக்குப் பிறகு வருவது வெறும் எண், அலகு தலைப்பில் மட்டும்தான் இருக்கும்.

குறைகள் இருக்கின்றன. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வித்தியாசம் சொல்லும் வசதி இதில் கிடையாது. ட்வின்வேவ் என்று ஒரு துணைக்கருவி இரண்டு சாளரங்களை ஒன்றாக நகர்த்தும், பெரிதாக்கினால் இரண்டும் பெரிதாகும், அவ்வளவுதான், வித்தியாசத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அனலாக் காட்சி உண்டு, படியாகவும் சாய்கோடாகவும் வரையும், ஆனால் ஏடிசி (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுகிற சுற்று) சோதனை செய்கிறவர்கள் அதை வைத்து அளவீடு எடுக்க முடியாது, உருவத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். உயர் தெளிவுத்திரைகளில் எழுத்து ரொம்பச் சின்னது, அமைப்புக் கோப்பில் எழுத்துருவைக் கையால் மாற்ற வேண்டும். பெரிய விசிடியை நேராகத் திறந்தால் நினைவகம் திணறும், முதலில் எஃப்எஸ்டியாக மாற்றிக்கொள்வதே நல்லது. இன்னொன்று கவனிக்கப்படாமல் போவது: ஒரு சிக்னலில் அதே மதிப்பு அடுத்தடுத்து இரண்டு முறை எழுதப்பட்டிருந்தால் இது அதை ஒன்றாக்கிவிடும். பெரும்பாலும் அதுதான் சரி, ஆனால் நீங்கள் மதிப்பு மாறாவிட்டாலும் ஒவ்வொரு மாதிரியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தால் கிளிட்ச்களைக் காப்பாற்று என்கிற அமைப்பை அமைப்புக் கோப்பில் இயக்க வேண்டும். கையேட்டில் இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் வரை படிப்பதில்லை.

தம்பியின் கேள்விக்கு நேரான பதில் சர்ஃபர். ஸ்வீடனின் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட புதிய காட்டி. விசிடி, எஃப்எஸ்டி, ஜிஎச்டிஎல்லின் வடிவமான ஜிஎச்டபிள்யூ மூன்றையும் படிக்கும், நிறுவாமல் உலாவியிலேயே ஓடும், கட்டளைகளைத் தட்டச்சு செய்தே எல்லாவற்றையும் நடத்தலாம். பார்க்க அழகு, வேகமும் நன்றாக இருக்கிறது. அது கோப்புகளைப் படிக்கப் பயன்படுத்தும் வெல்லன் என்ற நூலகம் தனியாகவும் கிடைக்கிறது (ஜெர்மன் மொழியில் அலைகள் என்று பொருள்), ரஸ்ட்டில் பகுப்பாய்வு மென்பொருள் எழுதப் போகிறவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள், சி நிரலோடு மல்லுக்கட்ட வேண்டாம். இன்று புதிதாக ஆரம்பிக்கிறேன், பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் நானே சர்ஃபரைத்தான் சொல்வேன். அலுவலகக் கோப்பு என்றால் உலாவியில் திறக்காமல் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள், அது ஒரு ஒழுங்கு.

தம்பி இப்போது சர்ஃபரில்தான் பார்க்கிறார். ராத்திரி ஓடுகிற ஒப்பீடு எழுதிவைக்கிற சேமிப்புக் கோப்பு ஜிடிகேவேவுக்கானது, அதனால் காலையில் முதல் தவறைப் பார்க்க மட்டும் என் மேசைக்கு வருகிறார். சர்ஃபருக்கும் அதே மாதிரி ஒரு கட்டளைக் கோப்பை எழுதித் தரும்படி நிரலை மாற்றும் வேலையை அவரிடமே கொடுத்திருக்கிறேன். நேற்று குறி வைக்கிற வரி வரைக்கும் வந்துவிட்டது.